சனிக்கிழமைக் கசப்பு

கேட்டைப் பூட்டி, சாவியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார் ஓஸ்னி. “இனி ரெண்டு பேரும் தப்பிக்க முடியாது!” என்று சிரித்தார்.

வல்மோரும் அடெலாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். இவர்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மூவரும் பிரேசிலின் புளுமெனா நகரில் ஒரே துணி ஆலையில், ஒரே ஷிப்டில் முப்பது வருடம் நின்றவர்கள். ஓஸ்னியின் மனைவி இர்மா, வல்மோரின் தங்கை. அவள் இறந்து எட்டு மாதம் ஓஸ்னி யாருக்கும் கதவைத் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவரே போன் செய்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கொல்லைக் கொட்டகையில் பெரிய பானை, ரப்பர் குழாய், முளைகட்டிய பார்லி மூட்டை. மனிதர் வீட்டிலேயே பீர் காய்ச்சியிருந்தார்!

வல்மோரும் அடெலாரும் கடையில் டின் பீர் வாங்கி, பல் கூசும் அளவுக்குக் குளிரவைத்துக் குடித்தே நாற்பது வருடம் ஓட்டியவர்கள். ஓஸ்னி நீட்டியதோ கலங்கலாக, புற்றுமண் நிறத்தில், அரைக் குளிரில் இருந்தது.

“என்னடா, ஐஸ்ல வைக்கலையா?” என்று கேட்டார் அடெலார்.

“ரொம்பக் குளிரவச்சா ருசி செத்துப்போயிடும். குடிச்சுப் பாரு.”

குடித்தார்கள். கஷாயம்கூட இதற்குத் தேவலை. அடெலாருக்குக் காதுவரை கசந்தது.

“எப்படி இருக்கு?”

எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சவரம் செய்திருந்தார் ஓஸ்னி. தாடையில் ஓரிடத்தில் பிளேடு பட்டு ரத்தம் காய்ந்திருந்தது.

“பிரமாதம் மாப்ளே!” என்றார் வல்மோர். அந்த ஒரு வார்த்தையில் இருவரும் மாட்டிக்கொண்டார்கள்.

அதிலிருந்து இது பதினோராவது சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தால், எழுந்திருக்க ஆறாகிவிடும். சனிக்கிழமை கால்பந்து போயிற்று, முக்குக் கடை அரட்டை போயிற்று.

‘இன்றைக்குச் சொல்லிவிடுவது’ என்று வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தார்கள்.

“நீயே சொல்லு. உன் தங்கச்சி புருஷன்தானே?”

“அதனாலதான்டா என்னால முடியாது. நீ சொல்லு.”

இப்போது கொட்டகையில் இருவர் முன்னாலும் கிளாஸ் நிரம்பியது. ஓஸ்னி தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு, அதைக் கையில் பிடித்தபடி அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரை அடங்கி வெகுநேரமாகியும் அந்தக் கிளாஸில் அளவு குறையவில்லை.

“இந்தத் தடவை கசப்புக்குப் போடுற ஹாப்ஸ் பூ ரெண்டு மடங்கு போட்டிருக்கேன்” என்றார். “போன வாரம் அடெலார்தானே ‘கசப்பு இன்னும் கொஞ்சம் இருக்கலாம்’னு சொன்னான்?”

வல்மோர் மேசைக்கு அடியில் அடெலாரின் காலை மிதித்தார்.

“அது... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டா.”

“கூச்சப்படாதேடா. ரெண்டு பேரும் இவ்வளவு ஆசையா குடிக்கிறீங்களேன்னு பெரிய பானையா ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து ஆளுக்கு ஒரு பெட்டி வீட்டுக்கே எடுத்துட்டுப் போகலாம். புதன்கிழமையும் வாங்களேன், சேர்ந்தே காய்ச்சலாம்!”

அடெலாருக்குப் புரையேறியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினார்.

“என்னடா ஆச்சு?”

“மரவள்ளி வறுவல்... தொண்டையில சிக்கிக்கிச்சு.”

“மெதுவா சாப்பிடு. அடுப்புல சாஸேஜ் போட்டிருக்கேன், எடுத்துட்டு வரேன்” என்று ஓஸ்னி உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் அடெலார் கிளாஸைத் தள்ளி வைத்தார். “புதன்கிழமையுமாம்! மச்சான், இதுக்கு மேல நான் உயிரோட இருக்க மாட்டேன்.”

வல்மோர் எழுந்தார். “இரு. நானே போய்ச் சொல்லிடறேன்.”

“பக்குவமா சொல்லு. மறுபடியும் கதவைச் சாத்திட்டு உள்ளே உக்காந்துடப் போறான்.”

அந்தப் பேச்சு வல்மோரின் காலைப் பின்னுக்கு இழுத்தது. ஆனாலும் நடந்தார். ‘மாப்ளே, தப்பா நினைச்சுக்காதே’ என்று ஆரம்பிக்க வேண்டும். இல்லை, ‘டாக்டர் வேண்டாம்னுட்டார்’ என்று சொல்லிப் பார்க்கலாமா? பொய்க்கு மேல் இன்னொரு பொய். வேண்டாம், உண்மையையே சொல்லிவிடலாம்.

சமையலறை வாசலில் நின்றார். ஓஸ்னி முதுகைக் காட்டியபடி ஒரு கையால் சாஸேஜைத் திருப்பிக்கொண்டிருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். ஜாயின்வில்லில் இருக்கும் மகள் ரோசானியோடு பேச்சு.

“இல்லம்மா, என்னாலயும் இதைக் குடிக்க முடியல. ஒரு வாய் வச்சாலே குமட்டுது. பொழுது போகட்டும்னு நீ அந்தச் சாமான்களை அனுப்பின. அதனால ஆரம்பிச்சேன்...”

வல்மோர் உள்ளே எடுத்து வைக்கப்போன காலை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“ஆமா, எனக்கும் முதுகு விட்டுப்போகுது. எல்லாத்தையும் ஏறக்கட்டிட்டு நிம்மதியா இருக்கலாம்தான்...”

மறுமுனையில் மகள் என்னவோ கேட்டாள். ஓஸ்னி அடுப்பைத் தணித்தார். ஜன்னல் வழியாகக் கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நிறுத்திட்டா இவனுங்க வர மாட்டானுங்கம்மா.”