ஒன்பது துண்டு அதிகம்

கீபோர்டில் பஞ்சமத்தை அழுத்தினால் மத்யமம் வந்தது.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் மத்யமம்.

"சனியனே" என்றாள் கம்ப்யூட்டரைப் பார்த்து.

நேற்று முழுக்க இந்த அறையில் ஜலதரங்கம் பதிவு செய்தார்கள். பதினாறு பீங்கான் கிண்ணங்கள், அளந்து ஊற்றிய தண்ணீர். கணவன் தட்டினான். கிண்ணத்துக்கு ஒன்பது தட்டு. மெதுவாக மூன்று, நடுத்தரமாக மூன்று, ஓங்கி மூன்று. ஒவ்வொரு தட்டும் முழுதாக அடங்கும்வரை யாரும் அசையக் கூடாது. மே மாதம். மின்விசிறி கிடையாது.

தட்டுவது அவன் வேலை. மற்றதெல்லாம் அவள் வேலை.

பதிவைச் சாம்ப்ளர் மென்பொருளில் போட்டால், சத்தம் அடங்கும் இடத்திலெல்லாம் அதுவே வெட்டிக்கொள்ளும். துண்டுகளை ஒன்பது ஒன்பதாகக் கீபோர்டின் கட்டைகளில் வரிசையாக உட்கார்த்தும். பிறகு யார் வேண்டுமானாலும் கீபோர்டிலேயே ஜலதரங்கம் வாசிக்கலாம். அதற்குத்தான் இத்தனை பாடு.

நூற்று நாற்பத்து நான்கு துண்டு வர வேண்டும்.

திரையில் நூற்று ஐம்பத்து மூன்று என்றிருந்தது.

ஒன்பது அதிகம். சரியாக ஒரு கட்டை தள்ளிப் போயிருக்கிறது.

கிண்ணங்கள் இரவல். மயிலாப்பூரில் உரியவரிடம் கொடுத்துவிட்டு வர அவன் கிளம்பிப் போய்விட்டான். மறுபடி தட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரு. சும்மா கேட்டு அடுக்குறதுதானே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சும்மாவாம்.

முதல் துண்டிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தாள். டிங். டிங். டிங். காது மரத்துப்போயிற்று.

உப்பு வண்டியின் ஒலிபெருக்கி. அழித்தாள்.

அவளுடைய இருமல். எவ்வளவு அடக்கியும் கடைசியில் வெடித்துவிட்டது. அதற்கடுத்த துண்டு அவன்.

"ச்சே!"

இருமினால்கூடக் குற்றம். இரண்டையும் அழித்தாள். இரண்டாவதைக் கொஞ்சம் ஓங்கியே.

மாடி வீட்டு மிக்ஸி. அதை நிறுத்தச் சொல்ல மாடிக்கு ஓடியதும் அவள்தான். அடுத்த துண்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு போன சத்தம்.

ஐந்து ஆயிற்று.

ஆறாவது, "சொல்லும்மா."

கை நின்றது. அவளை இருமக்கூட விடாதவன், அவள் தலை மறைந்ததும் திறந்த மைக்கின் முன்னால் உட்கார்ந்து ஃபோன் பேசியிருக்கிறான்.

ஏழாவது, "நான் கூப்பிடாம இருப்பேனா? அவதான் வேணாங்கறா."

எட்டாவது, "கண் ஆபரேஷன அங்கயே வச்சுக்கலாம்மா. இங்க வந்தா உனக்குத்தான் மனக்கஷ்டம்."

ஒன்பதாவது, "அவ வர்றா. வைக்கிறேன்."

இடையில் அருப்புக்கோட்டையிலிருந்து அத்தை பேசிய எதுவும் இல்லை. மௌனம் என்று வெட்டி எறியப்பட்டிருந்தது.

ஏழாவதை மறுபடி கேட்டாள்.

குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. முதல் தடவையாகச் சொல்கிறவன் இவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டான்.

பொங்கலின்போது அவள்தான் சொன்னாள். அத்தை இங்கே வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. இரண்டு நாள் கழித்து, "அம்மாவுக்கு இங்க வர இஷ்டமில்லியாம்" என்றான். நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய? ஆறு வருடமாக அத்தை அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஃபோனில் ஒரு 'நல்லாருக்கியா', உடனே 'அவன்ட்ட குடு'. தன்மேல் என்ன தப்பு என்று அவள் தேடாத இடமில்லை. கல்யாணத்தன்று கட்டிய புடவைவரை யோசித்திருக்கிறாள்.

அத்தை வந்தால் கட்டில் போட இந்த அறைதான் இருக்கிறது.

கட்டில் போட்டால் மைக் போட முடியாது.

இதற்குத்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு அறைக்காக ஆறு வருடம் தன்னைப் பொல்லாதவளாக்கி வைத்திருக்கிறான். அதுவும் தெரியாமல் இந்த அறைக்குச் எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டிக் கொடுத்தவளும் அவளேதான்.

நான்கு துண்டையும் அழித்தால் கட்டைகள் சரியாகிவிடும். பஞ்சமத்தில் பஞ்சமம் வரும்.

அழிக்கவில்லை. ஃபோனை எடுத்தாள்.

"அவன் வெளிய போயிருக்கானா?" என்றார் அத்தை எடுத்தவுடனே.

"உங்ககிட்டதான் பேசணும் அத்தை. நீங்க வர வேணாம்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. உங்களுக்குத்தான் இஷ்டமில்லன்னு அவர் சொன்னாரு."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"என்ட்ட உன்னையச் சொன்னான்" என்றார் அத்தை. "ஒன்ட்ட என்னையச் சொன்னானாக்கும்."

அதற்குப் பிறகு இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

சாயங்காலம் அவன் வந்தபோது மைக் ஸ்டாண்டுகள் செருப்பு ஸ்டாண்டை ஒட்டி நின்றன. அறைக்குள் மடக்குக் கட்டில் விரித்திருந்தது. அவள் மறுபடியும் ஃபோனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது? வேலை முடிஞ்சுதா இல்லியா?"

அவள் ஃபோனை நீட்டினாள்.

"உங்கம்மா. நாளைக்கு ராத்திரி பஸ் ஏறட்டுமான்னு கேக்குறாங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

வாங்கிக் காதில் வைத்தான். வாயைத் திறந்தான். அவளைப் பார்த்தான்.

அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.