சத்தம் போகாத அறை

பலகையின் மூலை அவள் கையிலிருந்து நழுவியது.

"பிடியெண்டால் பிடி, சனியன்."

சொன்ன வாய் மூடுமுன் கை வந்துவிட்டது. ஸ்க்ரூ கன் பிடித்திருந்த கை. காதுக்கு மேலே இரும்பு இடித்தது.

அவள் கத்தவில்லை. பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்து நிமிர்த்தினாள். அவன் திருகாணியை ஏற்றினான்.

வெள்ளைப் பலகையில் இரத்தம் கோடாய் இழுபட்டிருந்தது.

"பெயின்ற் அடிச்சால் மறைஞ்சிடும்" என்றான்.

கெட்டிக்காரன். பேஸ்மென்றை அறையாக்க ஆள் பிடிக்கவில்லை. சனி ஞாயிறுகளில் தானே செய்தான். சுவருக்குள் சத்தத்தை அடக்கும் பஞ்சு. பஞ்சுக்கு மேலே பலகை. அந்தப் பலகைக்கு மேலே இன்னொரு பலகை. முகட்டிலும் அப்படியே. இருந்த ஒரேயொரு சின்ன ஜன்னலைத்தான் முதலில் அடைத்தான்.

மகள் மிருதங்கம் பழகுவதற்காம்.

கோயிலில் சொன்னான். கலியாண வீட்டில் சொன்னான். தகப்பன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று ரொறன்ரோச் சனம் வாயைப் பிளந்தது.

அந்தப் பிள்ளை மிருதங்கம் கேட்டதே இல்லை. அது கேட்டது நீச்சல் வகுப்பு.

மாசியில் பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி அக்கா பொலிசைக் கூப்பிட்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். எல்லாம் கேட்கும். பொலிஸ்காரர் வாசலில் நின்று, என்ன சத்தம் என்று விசாரித்தார்கள்.

"டிவி" என்றாள் இவள். வெடித்த உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் பஞ்சு வாங்கி வந்தான்.

அன்றிலிருந்து அவள் துவாயைக் கடித்துக்கொள்ளப் பழகினாள். அவள் வாய் மூடியது. அவன் வாய் மூடவில்லை. சுவரில் எறியும் சாமான்களும் வாய் மூடவில்லை.

இன்று கடைசிப் பலகை. மகள் தமிழ் வகுப்புக்குப் போயிருந்தாள். காலையிலேயே கதவைப் பொருத்திவிட்டிருந்தான். கனமான கதவு. அடியில் ரப்பர்.

தூசி கூட்டும்போதுதான் அவள் அதைக் கண்டாள்.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

மிருதங்கம் அடிக்கிற பிள்ளையை வெளியிலிருந்து ஏன் பூட்டவேண்டும்?

அவளுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இது மகளுக்குக் கட்டிய அறை இல்லை. தனக்குக் கட்டியது. இனி இதற்குள் தன்னை என்ன செய்தாலும் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

பயந்தாள். கூட்டுமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"நான் மேல போறன். நீ கத்து. பலமாக் கத்தவேணும்."

ஃபோனில் முள் ஆடிச் சத்தம் அளக்கிற ஆப் ஒன்றை வைத்திருந்தான். கதவைச் சாத்திவிட்டு மேலே போனான்.

அவள் வாயைத் திறந்தாள்.

காற்றுத்தான் வந்தது.

அவன் இறங்கி வந்தான்.

"கத்தினனியோ?"

"ஓம்."

"பொய்."

தலைமயிரைப் பிடித்துச் சுவரில் இடித்தான். பலகை அசையவில்லை. நல்ல வேலை. அவள் அப்போதும் கத்தவில்லை.

"உனக்குக் கத்தவும் தெரியாது. இந்தா, ஃபோனைப் பிடி. குசினிக்குப் போய் நில். நான் கத்துறன். முள்ளு எங்க போகுதெண்டு பார். கதவை வடிவாச் சாத்து."

வடிவாகச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் புதுசல்லவா. சொன்ன பேச்சுக் கேட்டது.

தன்னையும் ஒருத்தி வெளியில் நின்று பூட்டுவாள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. அவன் வீட்டில் அவனைப் பூட்ட ஆர் இருக்கிறார்கள்?

படியேறினாள். குசினி நடுவில் நின்று ஃபோனைப் பார்த்தாள்.

முள் அசையவில்லை.

முதலில் சோதனைக்குக் கத்தியிருப்பான். பிறகு, எங்கே இவளைக் காணவில்லை என்று கோபத்தில். இப்போது கதவை இழுத்துப் பார்த்திருப்பான். இனிமேல்தான் உண்மையாகக் கத்துவான்.

முள் அசையவில்லை. பிரிட்ஜ் உறுமியது, அவ்வளவுதான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

மேசையைப் பிடித்தாள். சிரிப்பு வருகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். வந்தது சிரிப்பில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. மாசியிலிருந்து துவாய்க்குள் போனதெல்லாம் சேர்ந்து வந்தது.

முள் சிவப்பின் கடைசிக்குப் போய் நின்றது.

நடுச்சுவரில் தட்டும் சத்தம். பிறகு வாசல் கதவில்.

ஞானேஸ்வரி அக்கா மாக்சிக்கு மேலே குளிர்ச்சட்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு. கையில் ஃபோன். இவளுடைய காதுக்கு மேலே காய்ந்திருந்த இரத்தத்தைப் பார்த்தாள்.

"எடி பிள்ளை, ஆர் கத்தினது?"

"நான்தான் அக்கா."

அக்காவின் கண் கலங்கியது. உடனே இவளுடைய தோளுக்கு மேலால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அவன் எங்கையடி?"

"கீழ. வேற ஏதும் சத்தம் கேக்குதோ, கேட்டுப் பாருங்கோ."

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்டும் கேக்கேல்லை."

"ஓம்" என்றாள். "வடிவாச் செய்திருக்கிறார்."

அக்கா உள்ளே வந்து கீழ்ப்படியைப் பார்த்தாள். படியின் அடியில் அந்தக் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள். அவளுக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை.

ஃபோனைக் குளிர்ச்சட்டைப் பைக்குள் போட்டாள்.

"சப்பாத்தைப் போடு. முதல்ல தமிழ் வகுப்பில போய்ப் பிள்ளையை ஏத்துவம். பொலிசுக்குப் பிறகு ஃபோன் அடிக்கலாம்."

மற்றச் செருப்பை எடுக்கத் திரும்பியவள் நின்றாள்.

"ஆள் எங்கை ஓடவே போறார்?"