ஒரே ஒரு டாங்கிள்

"மணி அஞ்சு பத்து. அஞ்சுன்னா அஞ்சு" என்றாள் அவள், கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு.

"சிக்னல்ல மாட்டிக்கிட்டேன்" என்றான் அவன். நாலே முக்காலுக்கே வந்து, தெருமுனையில் வண்டிக் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்ததைச் சொல்வானா?

இருவரும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சேர்ந்து நடத்திய எம்பிராய்டரிக் கடையை வக்கீல் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். மெஷின் ஆளுக்கு இரண்டு, கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று. பிரிக்க முடியாமல் நின்றது டாங்கிள் மட்டும்தான். கட்டைவிரல் அளவு கறுப்புச் சாமான். அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் டிசைன் போடும் சாஃப்ட்வேர் திறக்கும். பிடுங்கினால் அந்த நொடியே மூடிக்கொள்ளும். நகலும் எடுக்க முடியாது. ஆகவே, காலை ஒன்பது முதல் ஐந்து வரை அவளுக்கு, மற்ற நேரம் அவனுக்கு என்று எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டார் வக்கீல். தினம் இரண்டு தடவை கைமாற்ற வேண்டும். ஞாயிறு விடுமுறை. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே எரிச்சல்.

ஜிப் வைத்த குட்டிப் பையை அவள் நீட்டினாள்.

"காலையிலேயே கேக்கணும்னு நினைச்சேன். பை புதுசா?"

"பழசுல ஜிப் பிஞ்சு போச்சு. நேத்துதான் மாத்தினேன். வேலை ஆச்சா?"

"ஸ்கூல் பேட்ஜ் ஆர்டர் மொத்தமும் முடிச்சாச்சு. காலையில செருகினது, இப்பதான் பிடுங்கினேன். அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

"அம்மா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் பேச்சை மாற்றினாள்.

"சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் போன் பண்ணார். இப்பல்லாம் டாங்கிளே வேணாமாம். இன்டர்நெட் லைசென்ஸ் ஆளுக்கொண்ணு எடுத்துக்கலாமாம். எடுத்துட்டா நீங்க இப்படி நாயா பேயா அலைய வேணாம்."

இந்தப் பையும் போய்விட்டால் இந்த வாசலுக்கு வர அவனிடம் வேறு சாக்கு கிடையாது.

"அதையெல்லாம் நம்பாதே. நெட் போச்சுன்னா வேலை அம்போ. டாங்கிள்னா சாவி நம்ம கையில. எனக்கு அலைச்சல் ஒண்ணும் இல்லை."

"நிஜமாவா?"

"நிஜமா."

"நானும் வேணாம்னுதான் சொல்லி வெச்சேன்" என்றாள் அவள். "நாளைக்கு ஒன்பதுன்னா ஒன்பது."

அவன் தன் கடைக்கு வந்தான். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பாதியில் நின்ற பூ டிசைனை முடித்தான். அதை மெஷினுக்கு ஏற்றப் பென் டிரைவைத் தேடினான். மேஜையில் இல்லை. டிராயரை இழுத்தான்.

உள்ளே டாங்கிள் கிடந்தது.

அவசரமாகப் பையின் ஜிப்பைத் திறந்தான். பென் டிரைவ். அதே கறுப்பு, அதே அளவு. நேற்று பை மாற்றும்போது இதைத் தூக்கி உள்ளே போட்டிருக்கிறான். காலையில் அவளிடம் கொடுத்ததும் இதைத்தான். இதைச் செருகிக்கொண்டு தலைகீழாக நின்றாலும் சாஃப்ட்வேர் திறக்காது. அவளோ ஆர்டர் மொத்தமும் முடித்திருக்கிறாள்.

அப்படியானால் இன்டர்நெட் லைசென்ஸ் அவள் கைக்கு எப்போதோ வந்துவிட்டது. வந்தும், தினம் இரண்டு தடவை வாசலில் வந்து நிற்கிறாள்.

தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுப் பென் டிரைவ் ஒன்று வாங்கக் கடைக்குப் போனான்.

மறுநாள் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் முன்பே அவளுடைய கடை வாசலில் போய் நின்றான். உள்ளே அதே பழைய பென் டிரைவோடு பையை அவள் கையில் வைத்தான். திறந்து பார்க்காமலே அவள் விரலை மூடிக்கொண்டாள்.

"பத்திரமா வெச்சுக்கோ, இது இல்லேன்னா சாயங்காலம் எனக்கு ஒரு வேலையும் ஓடாது" என்றான், எட்டு மாதத்துக்கு முன்பே இன்டர்நெட் லைசென்ஸ் வாங்கிவிட்ட அவன்.