அக்கா கொடுத்த தண்ணீர்

வாசல் பக்கம் யாருமில்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு, தம்பி சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தான். வெள்ளைப் பொடியை அக்காவின் ஜாடியில் கொட்டி, சத்தம் வராமல் கரண்டியால் கலக்கினான்.

"சாமி முன்னால வெச்ச தண்ணிய எடுத்துட்டு வாடா," என்று உள்ளேயிருந்து இருமலோடு குரல் வந்தது.

ஜாடியிலிருந்து டம்ளரில் ஊற்றி நீட்டினான். படுத்திருந்த அக்கா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கண்களை இறுக மூடி, மூச்சு விடாமல் ஒரே மடக்கில் குடித்து முடித்தாள். இவ்வளவு பக்தியா என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

விஷமெல்லாம் இல்லை, மருந்துதான். கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருப்பவன் அவன். யார் எதைச் சொன்னாலும் ஏன், எப்படி, யார் பார்த்தது என்று குடைந்தெடுப்பான். தெருவே அவனுக்கு 'ஏன் சார்' என்று பெயர் வைத்திருந்தது.

அக்கா நேர் எதிர். வேளை தவறாமல் மருந்து சாப்பிட்டும் மாமா ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தார். அன்றைக்கே, "இனிமே மாத்திரைன்னு ஒண்ணு என் வாயில படாது. சாமி பாத்துப்பார்," என்று சொல்லிவிட்டாள்.

நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கொதித்தபோதும் அவள் மசியவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஜன்னல் வழியே விட்டெறிந்தாள். தம்பி கெஞ்சினான், கத்தினான், கோபித்துக்கொண்டு பேசாமலும் இருந்து பார்த்தான். ஒன்றும் பலிக்காமல் போன பிறகுதான் இந்தத் திருட்டு வேலையில் இறங்கினான்.

அக்கா பிழைத்துக்கொண்டாள்.

"எங்கடா போச்சு உன் மாத்திரையெல்லாம்?" என்று அவள் சிரித்தபோது அவனும் அசடு வழியச் சிரித்து வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாதத்தில் தோற்றது அவனுக்கு இனித்தது.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? வெறும் தண்ணீரைக் குடித்தே அந்தம்மா எழுந்துவிட்டார்களாம் என்று பேச்சு பரவி, காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பாட்டிலும் கையுமாக ஆட்கள். அக்கா யாரையும் கூப்பிடவில்லை. வந்தவர்களை விரட்டவும் இல்லை. ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள்.

தண்ணீர்தானே, குடித்துவிட்டுப் போகட்டும் என்று தம்பியும் விட்டுவிட்டான். அந்த வரிசையில் மாடி வீட்டுப் பெண்ணைப் பார்க்கும்வரை.

அவள் இடுப்பில் இருந்தது வலிப்பு வரும் குழந்தை. அதற்கு மருந்து அவன் கடையில்தான் வாங்குவாள். கொஞ்ச நாளாக ஆளையே காணவில்லை. குழந்தையின் நெற்றியில் புதிதாக ஒரு காயம்.

"மருந்து தீர்ந்திருக்குமேம்மா, ஏன் வரலை?"

"நிறுத்திட்டேண்ணா. அதான் அக்கா தண்ணி தர்றாங்களே."

அவன் குழந்தையின் தலையைத் தூக்கிப் பார்த்தான். "நெத்தியில என்ன காயம்?"

"நேத்து லேசா வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடும்."

"ஆகாதும்மா! அந்த மருந்தைத் திடீர்னு நிறுத்தவே கூடாது. உயிருக்கே ஆபத்து. இது வெறும் தண்ணி!"

"வெறும் தண்ணியா?" அவள் கோபப்படவில்லை. பாவம், இந்த மனுஷனுக்குப் புரியவில்லையே என்பதுபோல் பார்த்தாள். "உங்க அக்கா ஒரு மாத்திரைகூட இல்லாம எழுந்து நடக்கிறாங்க. நான் கண்ணால பாத்தேன். கண்ணால பாத்ததைத்தான் நம்பணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் அக்காவின் நம்பிக்கை இந்த வாசலிலேயே நொறுங்கும். மாமா போன பிறகு அவளை எழுப்பி உட்கார வைத்தது அது ஒன்றுதான். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை?

ஜாடியை நிரப்ப அக்கா சமையலறைக்குள் போனாள். அவனும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினான்.

"அக்கா, என்னை அடி, திட்டு, இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லு. உன்னைப் பிழைக்க வெச்சது இந்தத் தண்ணி இல்லக்கா. நீ விட்டெறிஞ்ச அதே மாத்திரைய நான்தான் வாங்கிட்டு வந்து, பொடி பண்ணி உனக்குத் தெரியாம கலந்தேன்."

அக்கா குழாயை மூடினாள். ஆனால் திரும்பவில்லை.

"நீ அழுதாலும் பரவாயில்ல," என்றான் அவன், தானே அழுதுகொண்டு. "வெளிய போய் அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிடு. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நீ சொன்னாத்தான் கேப்பாங்க."

அக்கா ஜாடியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. "இப்ப வந்துடுவாங்க கண்ணு, குடிச்சா சரியாயிடும்," என்று தாய் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அக்கா அவன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அது தெரியும்டா. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கலக்கணும்னு மட்டும் சொல்லு."