பன்னிரண்டாம் மாடியில் ஒரு பழைய பூட்டு

"எல்லா வீட்டுலயும் புது மாடல் ஸ்மார்ட் பூட்டு. இந்த அங்கிள் வீட்டுல மட்டும் பழைய மாடல்," என்றான் பூட்டுக் கம்பெனி குரு. "ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இவருக்குன்னு தனியா சாஃப்ட்வேர் எழுதணும், தனியா டெஸ்ட் பண்ணணும். எல்லாம் ஒரே மாடலா இருந்தா சிம்பிள்லா. எது கெட்டாலும் பூச்சோங் ஆபீஸ்ல உட்கார்ந்தே சரி பண்ணிடுவேன்."

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், பன்னிரண்டாம் மாடிக்காரர்கள் எல்லாரும் பழனியப்பனைப் பார்த்தார்கள்.

"மாத்திக்குங்க அங்கிள். உங்க ஒருத்தரால எல்லாருக்கும் லேட்டாகுது," என்றாள் ஷார்மைன். தோளில் கைக்குழந்தை.

"இது நல்லாத்தானேம்மா இருக்கு."

"உள்ள என்னத்த ஒளிச்சு வெச்சிருக்காரோ," என்று லோகேஸ்வரி ஆன்டி காதைக் கடித்தார். ஷார்மைனுக்கும் சந்தேகம்தான். தனி ஆள். பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறவர்.

மறுவாரம், ஒரு மத்தியானம். மாடியில் மற்றவர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது.

டிக்.

ஷார்மைன் வீட்டுப் பூட்டு தானாகத் திறந்துகொண்டது. அதே நொடியில் வெளியே, நடைபாதை முழுக்க, அதே சத்தம்.

கதவுத் துளை வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவு காற்றில் மெல்ல அகன்றது. உள்ளே ஒரே இருட்டு.

அந்த வீட்டு வாசலில் நின்று, இருட்டுக்குள் ஒருவர் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழனியப்பன்.

கதவைப் பூட்டப் பார்த்தாள். பூட்டு விழவில்லை. பழைய தாழ்ப்பாளைப் புதுப் பூட்டு போட்ட அன்றே கழற்றியிருந்தார்கள். ஓடிப்போய்க் குழந்தையை வாரிக்கொண்டு குருவுக்குப் போன் போட்டாள்.

"குரு, கதவு பூட்டமாட்டேங்குது," என்று கிசுகிசுத்தாள்.

"சாரிக்கா, இப்பதான் அப்டேட் போட்டோம், அதுல ஏதோ தப்பு. ஒரே மாடல் இல்லையா, எல்லாம் ஒண்ணா திறந்துக்கிச்சு. ரெண்டு நிமிஷம், ஒண்ணா பூட்டிடுறேன்."

"பழனியப்பன் அங்கிள்..."

"அவர் பூட்டுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. அது வேற மாடல். அவர் பத்திரமா உள்ள இருப்பாரு."

"அவர் வெளியிலதான் இருக்காரு, குரு."

பக்கத்து வீட்டுக் கைப்பிடி அசையும் சத்தம். பிறகு காலடி. பிறகு இவள் வீட்டுக் கைப்பிடி மெதுவாகத் திரும்பியது.

கதவு இரண்டு விரற்கடை திறந்தது. சுருக்கம் விழுந்த விரல்கள் கதவின் ஓரத்தைப் பிடித்தன. 'மாதாவே' என்று நினைத்தாள்.

விரல்கள் பின்வாங்கின. கதவு ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. ஆனால் ஆள் போகவில்லை. கதவடியில் இரண்டு கால்களின் நிழல் அப்படியே நின்றது.

டிக். மாடி முழுக்கப் பூட்டுகள் விழுந்தன.

ஷார்மைன் உள்ளிருந்தே கேட்டாள். "எங்க வீட்டு வாசல்ல என்ன வேலை உங்களுக்கு?"

வெளியே ஒரு செருமல்.

"எல்லா வீடும் திறந்து கிடந்துச்சும்மா, ஒவ்வொரு கைப்பிடியா திருப்பிப் பார்த்துச் சாத்திட்டு வந்தேன். நீ பிள்ளையோட தனியா இருக்கியேன்னு பூட்டு விழுற வரைக்கும் இங்க நின்னேன். பெல் அடிச்சா பிள்ளை முழிச்சுக்குமேன்னுதான் கூப்பிடல."