போடாத தாழ்ப்பாள்

மார்ச் 11, புதன்.

நேற்று மாலை உளவியல் வகுப்பிலிருந்து வந்து, வாசல் கதவைத் தாழ் போடாமலே தூங்கிவிட்டேன். சின்னத் தவறுதான், ஆனால் அடிக்கடி செய்கிறேன்.

நேற்றைய பாடம், பழக்கம். யோசித்து முடிவெடுக்க ஒரு நினைவு, யோசிக்காமல் கை செய்வதற்கு இன்னொரு நினைவு என்றார் ஆசிரியை. எனக்கு அம்மாவின் முகம்தான் கண்முன் வந்தது.

காலையில் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "உங்கப்பாவைத் திரும்பி வரச் சொல்லிட்டேன்."

டம்ளரை ணங்கென்று வைத்தேன். "உன் பல்லை உடைச்ச மனுஷனையா? நாலு மாசமாத்தான் நிம்மதியா இருக்கோம்!"

"கத்தாதேடா. பக்கத்து வீட்ல கேக்கும்."

"நல்லா கேக்கட்டும்! உனக்கு அடி வாங்கியே பழகிப்போச்சும்மா. யோசிச்சா எடுத்த இந்த முடிவை? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"உனக்காகத்தான்டா சரின்னேன். எனக்கென்ன ஆசையா?"

"நான் எப்போ அவரைக் கேட்டேன்?"

"நைட் ஷிப்ட் முடிச்சு அப்பா வருவார்னு சின்னதிலேர்ந்து தாழ் போடாம விடுவியே. அவர் போனப்புறமும் அப்படியேதானே விடற? புள்ள அப்பாவைத் தேடுறான்னு நினைச்சுட்டேன்."

அம்மாமேல் பாய்ந்த கோபம் அப்படியே திரும்பி என் கைமேல் விழுந்தது. அப்பா போனதை அந்தக் கைக்கு யாருமே சொல்லவில்லை.

இன்று தாழ் போட்டாயிற்று. சந்தேகத்தில் எழுந்துபோய் மறுபடியும் பார்த்தேன்.

நாளைய வேலை: அப்பா பெட்டி கட்டுவதற்குள், அம்மாவின் எதிரிலேயே அவருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.