கரையில் நின்றவர்கள்

படகில் இன்று இரண்டு தலைகள்.

அவன் கப்பலின் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டான். பதினொரு மாதத்தில் படகுக்காரர் ஸ்டெலியோஸ் ஒருநாளும் இன்னோர் ஆளோடு வந்ததில்லை. தண்ணீரையும் ரொட்டியையும் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்.

கிரேக்க நீதிமன்றம் பிடித்து வைத்திருக்கும் கப்பல் இது. முதலாளி எங்கேயோ ஓடிவிட்டான். காவலுக்கு ஓர் ஆள் மேலே இருந்தே ஆக வேண்டுமாம். வேறொருவன் காவலை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் அவன் இறங்கலாம்.

என்ன சட்டமோ, கண்றாவி.

"பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு, எப்பத்தான் வருவீக?" சிவகங்கையிலிருந்து மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அதையும் நிறுத்திவிட்டாள்.

நூலேணியில் ஏறி வந்தவன் நேபாளத்து மலைக்காரன். லோகேந்திரா என்று பெயர். கடலை இந்த வாரம்தான் முதன்முதலாகப் பார்க்கிறானாம். அப்பாவி, வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

கடலைக் காட்டி, இதற்கு உங்கள் பாஷையில் என்ன பெயர் என்று பின்னால் ஏறி வந்த ஸ்டெலியோஸை அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டான்.

தாலஸா.

அதோடு விட்டிருக்கலாம். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அந்த மனிதருக்கு. அது எங்கள் சொல்லே இல்லை, தெரியுமா, என்றார். எங்கள் முன்னோரும் உன்னைப் போல உள்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்கள்தானாம். இத்தனை தண்ணீருக்கு அவர்களிடம் பெயர் இல்லை. உப்பு என்றார்கள். பாதை என்றார்கள். கடைசியில் கரையில் நின்றவர்களிடம் கேட்டு இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டார்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கரைக்காரர்கள் யார், எங்கே போனார்கள், ஒருவருக்கும் தெரியாது.

ஸ்டெலியோஸ் கொண்டுவந்த காகிதத்தை அவன் விரித்து, பேனாவை லோகேந்திராவிடம் நீட்டினான்.

வந்தவர்களிடம் அந்தக் கரைக்காரர்கள் கடலின் பெயரை மட்டும்தான் சொன்னார்களா? மற்றதையும் சொன்னார்களா?

லோகேந்திரா பேனாவை வாங்கினான். வாங்கியவன் நிமிர்ந்து, இந்தியில் கேட்டான்.

"எத்தனை நாள் அண்ணா?"

ஸ்டெலியோஸுக்கு இந்தி தெரியாது.

"பத்து நாள். மிஞ்சிப்போனால் பதினைந்து," என்றான் அவன்.

கையெழுத்து விழுந்தது.

நான்கு மாதமாகக் கட்டியே வைத்திருந்த பையைத் தோளில் மாட்டினான். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை என்ன சொல்ல.

ஏணியில் கால் வைத்தபோது லோகேந்திரா ஓடி வந்தான். அம்மா சுட்டுக் கொடுத்த பலகாரப் பொட்டலம் கையில் இருந்தது.

பத்து நாளைக்கு எனக்கு எதற்கு இவ்வளவு என்று பாதிக்கு மேல் அள்ளி, அவன் பையில் திணித்தான்.